காருக்குள் இருந்து ஓர் இறுதி ஆட்டம்

டொராண்டோவிலிருந்து மொன்ட்ரியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். பேருந்தில் ஆறரை மணி நேரம். 2008 பிப்ரவரியின் கடைசி வெள்ளிக்கிழமை, காலை எட்டரை மணிக்கு அந்தப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது, இந்தக் குளிரில் வேலை மெனக்கெட்டுப் போகவேண்டிய ஊரா இது என்று என்னை நானே நொந்துகொண்டேன். சன்னலுக்கு வெளியே பனி, அதற்கு அப்பால் இன்னும் கொஞ்சம் பனி. கிங்ஸ்டனில் இறங்கிக் குடித்த காப்பிக்கு ஒன்றே முக்கால் டாலர் கொடுத்தேன். அதில் சூடு மட்டும்தான் இருந்தது.

நான் கிளம்பியதற்குக் காரணம் சிவநேசன். ஸ்கார்பரோவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் நானும் அவரும் ஒன்றாகக் குடியிருந்தோம். நான் கோவைக்காரன், ஒப்பந்த வேலைக்கு வந்த மென்பொருள் ஆள். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அக்கா மகள் தர்சினி மொன்ட்ரியலில் ஒரு பல்கலைக்கழகத்தின் பெண்கள் கூடைப்பந்து அணியில் ஆடினாள். கியூபெக் பல்கலைக்கழகங்களுக்கு இடையே குளிர்காலம் முழுக்க லீக் ஆட்டங்கள் நடக்கும். முடிவில் முதல் நான்கு அணிகள் ஒரே அரங்கில் கூடி, இரண்டு நாளில் சாம்பியன் யாரென்று தீர்த்துக்கொள்ளும். ஒருவர் ஐந்து பருவங்கள்தான் ஆடலாம் என்பது விதி. தர்சினிக்கு இது ஐந்தாவது.

சிவநேசனுக்கு லீவு கிடைக்கவில்லை. கல்லூரி அணியில் மூன்று வருடம் பெஞ்சு தேய்த்தவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

“பிள்ளை விளையாடுறதை அக்கா பாக்கிறேல்லை. முதல் வருசம் முதல் மட்ச்சுக்குப் போனவ. பக்கத்தில இருந்த மனிசிக்கு, அது என்ர மகள் எண்டு கையைக் காட்டியிருக்கிறா. அந்த நிமிசமே பிள்ளை விழுந்து முழங்கால் பிசகிப்போச்சுது. அந்த வருசம் முழுக்க ஆட்டமில்லை. தன்ர கண்தான் பட்டது எண்டு அண்டைக்கு முடிவெடுத்தவ. இது கடைசி. எப்பிடியாவது ஆளை உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

“அதுக்கென்ன, பண்ணிடலாம்” என்றேன். எதற்கும் அப்படிச் சொல்லிவிடுவது என் பழக்கம்.

வெள்ளி, பிற்பகல்

மூன்று மணிக்கு பெரி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கேயே கீழே மெட்ரோ. ஆரஞ்சுப் பாதையில் ஏறி ஷாரி நிலையத்தில் வெளியே வந்தால் தர்சினியின் வீடு இருக்கும் வில்லரே பகுதி. மாடிப்படிகளை வீட்டுக்கு வெளியே, தெருவைப் பார்க்கக் கட்டி வைத்திருக்கும் ஊர் இது. படியெல்லாம் பனி உறைந்து கிடக்கும் குளிர்காலத்தில் இந்த யோசனை யாருக்கு வந்ததோ தெரியவில்லை. கைப்பிடியைக் கட்டிக்கொண்டு ஏறினேன்.

கதவைத் திறந்தவர் தர்சினியின் அம்மா, மலர் அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, ஒல்லியான உடம்பு. தையல் தொழிற்சாலையில் வேலை. “தம்பி சொன்னவன். வாங்கோ, உள்ளுக்கு வாங்கோ, குளிர்” என்றார். கணவர் குணம் அண்ணை டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறவர். இந்த இரண்டு நாளுக்காக ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வீட்டில் இருந்தார். தர்சினி ஏற்கனவே அணியோடு போயிருந்தாள்.

நாலரைக்குக் கிளம்பினோம். மலர் அக்கா ஒரு ஃபிளாஸ்க் தேநீர், ஒரு கம்பளி, ஒரு சின்ன முருகன் படம் மூன்றையும் எடுத்துக்கொண்டார். எல்லாம் எதற்கென்று அரங்கின் வாகன நிறுத்துமிடத்தில்தான் புரிந்தது. குணம் அண்ணை எஞ்சினை அணைக்காமல் இறங்கினார். மலர் அக்கா முன் இருக்கையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, முருகனை டாஷ்போர்டில் சாய்த்து வைத்தார்.

“அக்கா, நீங்க வரலையா?”

“நான் இதிலதான் இருப்பன், தம்பி. நீங்கள் போட்டு வாங்கோ.”

“ஒரு குவார்ட்டர் மட்டும் பாருங்களேன். பொண்ணுக்கு இதுதானே கடைசி வருஷம்.”

“அதுதான் தம்பி. கடைசி வருசத்தில போய் விசப்பரீட்சை வைக்கக் கூடாது” என்றார்.

அப்போது அணிப் பெண்கள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எங்களைக் கடந்து போனார்கள். ஒவ்வொருத்தியும் போகிற போக்கில் அந்தக் காரின் கூரையை இரண்டு முறை தட்டிவிட்டுப் போனாள். மஞ்சள் முடிக்காரி ஒருத்தி குனிந்து “பொன்ஷூர், மாமோ” என்று பிரெஞ்சில் அம்மாவுக்கு வணக்கம் சொன்னாள். கடைசியாக வந்தவள் தர்சினி. நல்ல உயரம் இல்லை, ஆனால் நடையிலேயே ஒரு வேகம். அவளும் தட்டினாள். அம்மாவைப் பார்க்கவில்லை.

“போன வருசத்தில இருந்து இப்பிடித்தான்” என்றார் குணம் அண்ணை. “அவ கார்ல இருந்த மட்ச் எல்லாம் வெண்டிருக்கிறாளவை. ஒருநாள் காய்ச்சலில வரேல்லை, தோத்திட்டினம். அதுக்குப் பேந்து கோச்சே கேக்கிறா, மதாம் வந்திட்டாவோ எண்டு.”

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே போய் உட்கார்ந்த பிறகு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையைப் பார்க்காமல் இருப்பதற்கு ஒரு அணியே நன்றி சொல்லிக்கொண்டிருந்தது.

அரையிறுதிக்கு நுழைவுச்சீட்டு எட்டு டாலர். பாதி அரங்கு காலி. தர்சினிதான் பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவள், எட்டாம் எண். இடைவேளையில் நான் வெளியே ஓடிப்போய்க் கார்க் கண்ணாடியைத் தட்டி, “அக்கா, நம்ம பக்கம் நல்லாப் போகுது” என்றேன். அவர் காதைப் பொத்திக்கொண்டார். முடியும் வரை ஒன்றும் தெரியக்கூடாதாம். பதினொரு புள்ளியில் வென்றார்கள். கோச் அம்மாள் சட்டை கசங்க வெளியே வந்து, ஒரு கோப்பை சூடான சாக்லேட்டைக் கார்ச் சன்னல் வழியாக நீட்டி “மெர்சி” என்று நன்றி சொன்னார்.

வீட்டில் புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். தர்சினி முழங்காலில் ஐஸ் கட்டியோடு சோபாவில் கிடந்தாள். “அம்மா, அந்த ரெண்டாவது குவார்ட்டர்ல...” என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். பிறகு அப்பா பக்கம் திரும்பிப் பிரெஞ்சில் மிச்சத்தைச் சொன்னாள். பாராத ஒருவருக்கு ஆட்டத்தை விளக்குவது பெரும் பாடு என்று எனக்கும் தெரியும்.

சனி

பகல் முழுக்கப் பனி கொட்டியது. அந்த வருடம் பனிக்கு வஞ்சனையே இல்லை. தெருவோரக் குவியல்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. அடுத்த தெரு எங்கே இருக்கிறது என்று வழிப்போக்கரைக் கேட்டால் ஒரு வெள்ளைச் சுவரைக் காட்டினார்கள்.

இறுதி ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. ஆண்கள் இறுதியும் அதே அரங்கில் என்பதால் வாகன நிறுத்துமிடம் நிரம்பிவிட்டது. குணம் அண்ணை இரண்டு சுற்றுச் சுற்றி, பக்கத்துத் தெருவில் ஓர் இடைவெளியைக் கண்டுபிடித்துக் காரைச் சொருகினார். அங்கே ஒரு ஆரஞ்சு நிறப் பலகையைப் பனிக்குவியலில் குத்தி வைத்திருந்தார்கள். நானும் பார்த்தேன், அவரும் பார்த்தார். இரண்டு பேருமே அதைப் படிக்கவில்லை. அணிப் பெண்கள் இன்று தெரு வரைக்கும் நடந்து வந்து கூரையைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

இதைவிட நல்ல கூடைப்பந்தை நான் நேரில் பார்த்ததில்லை. எதிரணியில் ஆறடிக்கு மேல் ஒரு பெண், கூடைக்குக் கீழே நின்றால் மற்றவர்களுக்கு இடமே கிடையாது. அவள் சீக்கிரமே நான்கு ஃபவுல் செய்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த இடைவெளியில் தர்சினி புகுந்து விளையாடினாள். கடைசிக் குவார்ட்டர் தொடங்கும்போது ஏழு புள்ளி முன்னே இருந்தார்கள். மூன்றாம் வரிசையில், அணியின் பெஞ்சுக்குப் பின்னால் நானும் குணம் அண்ணையும். அது அவருடைய வழக்கமான இடமாம்.

அப்போதுதான் வெளியே சைரன் கேட்டது. மேலும் கீழுமாக ஊளையிடும் ஓசை. பனி அள்ள வண்டிகள் வருகின்றன, காரை எடு, எடுக்காவிட்டால் இழுத்துக்கொண்டு போவோம் என்பது அதற்கு அர்த்தம். மொன்ட்ரியல்காரர்கள் அந்த ஓசைக்குத் தூக்கத்திலும் எழுந்துவிடுவார்கள். குணம் அண்ணை பாதி எழுந்தார். அதற்குள் அரங்கின் வாசலில் மலர் அக்கா நின்றுகொண்டிருந்தார், தலையெல்லாம் பனி.

பனி அள்ள வந்த ஆரஞ்சுச் சட்டைக்காரன் ஒருவன் கார்க் கண்ணாடியில் அடித்து அவரை இறக்கிவிட்டிருக்கிறான். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. “கார், கார்” என்று கையை ஆட்டினார், கண்ணை மட்டும் தரையிலேயே வைத்துக்கொண்டு. குணம் அண்ணை ஓடினார். வாசலில் நின்ற தொண்டர் வழியை மறிக்கக் கூடாது என்று அக்காவைப் பணிவாக உள்ளே தள்ளிவிட்டார். நான் போய்க் கூட்டிவந்து அண்ணையின் இடத்தில் உட்கார வைத்தேன். சிவநேசனுக்குக் கொடுத்த வாக்கு தானாகவே நிறைவேறியது. எனக்கு அதில் சந்தோஷம் இல்லை.

மலர் அக்கா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். “பாக்கமாட்டன். அவர் வந்த உடனை போயிடுவன்” என்றார். ஆனால் குணம் அண்ணை வரவில்லை. அந்தப் பனியில் காரை நிறுத்த வேறு இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிடுமா?

கூட்டம் திடீரென்று கத்தியது. தர்சினி எதிராளியின் கையிலிருந்து பந்தைத் தட்டிப் பறித்துக்கொண்டு தனியாக ஓடினாள். நான் பக்கத்தில் பார்த்தேன். மலர் அக்காவின் விரல்கள் விலகியிருந்தன. தர்சினி எம்பி, இடது கையால் பந்தைப் பலகையில் மெதுவாக வைத்தாள், கூடைக்குள் விழுந்தது. மலர் அக்காவின் கைகள் மடியில் இறங்கிவிட்டன. வாய் திறந்திருந்தது.

“இவள் இடக்கையாலையும் போடுவாளோ?” என்றார்.

“நேத்தும் போட்டாங்க அக்கா.”

“எனக்குத் தெரியாது” என்றார். அந்தக் குரலை நான் மறக்கப்போவதில்லை.

அடுத்த சில நிமிடங்கள் அவர் கண்ணை எடுக்கவே இல்லை. பிறகு எதிரணி அந்த உயரமான பெண்ணை மறுபடி இறக்கியது. அவள் ஐந்தாவது ஃபவுலும் செய்து வெளியேறுவாள் என்று நம்மவர்கள் காத்திருந்தார்கள், அவள் செய்யவில்லை. கூடைக்குக் கீழே வந்த பந்தெல்லாம் அவளுக்கே போனது. ஒன்பது புள்ளி முன்னிலை ஐந்தானது, ஐந்து இரண்டானது. ஒரு ஃப்ரீ த்ரோவுக்காக ஆட்டம் நின்றபோது தர்சினி வியர்வையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்தாள். அப்பாவைத் தேடியிருப்பாள். ஒரு நொடி பார்வை அங்கேயே நின்றது. பிறகு திரும்பிக்கொண்டாள். மலர் அக்கா அப்போது குனிந்து முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், கவனிக்கவில்லை.

இப்போது நம் அணி ஒரு புள்ளி பின்னே, கடைசி நொடிகள், பந்து தர்சினியிடம். அவள் எய்த பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

என் கணக்கில் தோல்விக்குக் காரணம் அந்த உயரமான பெண், அவளை மறிக்க ஆள் இல்லாதது. கூடைப்பந்து தெரிந்த யாரும் இதைத்தான் சொல்வார்கள். இதை நான் மலர் அக்காவிடம் சொன்னேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை.

“தம்பி” என்று என் கையைப் பிடித்தார். விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. “நான் உள்ளுக்கு வந்து இருந்ததைப் பிள்ளைக்குச் சொல்லிப்போடாதேங்கோ. வாசலிலதான் நிண்டனான்.” எதிரணிப் பெண்கள் ஏணி போட்டு ஏறிக் கத்திரிக்கோலால் வலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள், வென்றவர்கள் அப்படிச் செய்வது வழக்கம். அவர் அதைத் தாண்டி வேகமாக வெளியே போனார்.

வீடு திரும்பும்போது காரில் தர்சினியின் கழுத்தில் வெள்ளிப் பதக்கம் கிடந்தது. சைரன் கதையை அப்பா சொன்னார்.

“அப்ப அம்மா, நீங்கள் உள்ளுக்கு வரேல்லையோ?” என்றாள்.

“இல்லையடி. வாசலோட நிண்டனான்.”

“ம்” என்றாள் தர்சினி. அவள் இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் என் பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறு, காலை

பத்து மணிப் பேருந்து. மலர் அக்கா சமையலறையில் எனக்குத் தோசை சுட்டுக்கொண்டே, மற்றவர்கள் எழவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, கரண்டியை இடது கைக்கு மாற்றி மெல்ல உயர்த்திக் காட்டினார். “இப்பிடித்தானே தம்பி போட்டவள்?” ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்து, உடனே வாடியது. அதைப் பற்றிப் பேச உலகத்தில் அவருக்கு நான் ஒருவன்தான், நானும் இன்னும் ஒரு மணி நேரத்தில் கிளம்புகிறவன்.

தர்சினி மெட்ரோவில் பெரி வரைக்கும் வழியனுப்ப வந்தாள். பேருந்துக்கான வரிசையில் நின்றபோது சொன்னாள்:

“அங்கிள், அம்மாவை நான் கண்டனான். அப்பான்ர சீட்ல. நான் கண்டது அவவுக்குத் தெரிய வேண்டாம். பாத்ததாலதான் தோத்தது எண்டு சாகும்வரைக்கும் அழுவா.” கொஞ்சம் நிறுத்தினாள். “கண்ணை மூடிக்கொண்டு இருந்தவவோ?”

“முதல்ல மூடியிருந்தாங்க. நீ ஸ்டீல் பண்ணி ஓடினே பாரு, லெஃப்ட் ஹேண்ட்ல போட்டியே, அப்பத் திறந்தாங்க.”

அவள் தலையை ஆட்டினாள். வரிசை நகர்ந்தது.

திரும்பும் வழியெல்லாம் அதே பனி. கோவையில் என் அம்மா ஒரே ஒரு முறை என் ஆட்டத்தைப் பார்க்க வந்தார். நான் இறங்கியது கடைசி இரண்டு நிமிடம், அதிலும் பந்தைத் தவறவிட்டேன். அரை டவுசரோடு கொக்கு மாதிரி ஓடினான் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பத்து வருடம் சொல்லிச் சிரித்தார். எனக்கு அப்போது ஆத்திரமாக வரும். வில்லரேயில் அந்த வீட்டில் இனி எத்தனை வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டாலும் அந்த இடது கையைப் பற்றி ஒரு பேச்சு எழாது. அதை நினைத்தால் எனக்குத் தாளவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தேன். சிவநேசன் அடுப்படியில் இருந்தார். தோற்ற செய்தி அவருக்கு ஏற்கனவே வந்திருந்தது.

“அதை விடுங்கோ” என்றார். “அக்கா உள்ளுக்கு வந்தவவோ? பிள்ளை விளையாடினதைப் பாத்தவவோ?”

பையைக் கீழே வைத்துவிட்டு, பூட்ஸின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தேன்.

“இல்லை” என்றேன். “வாசல் வரைக்கும்தான் வந்தாங்க.”