ஜப்பான் போர்டும் பிள்ளைமடுவமும்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கிளார்க்காகச் சேர்ந்தபோது, ஆபீஸ் மூலையில் ஜப்பான் டெலிபோன் போர்டு ஒன்று இருந்தது. தோட்டத்தின் பிரிவுகளான டிவிசன்களுக்கும், தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளைமடுவத்துக்கும் அதிலிருந்து கம்பி போயிருந்தது. எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அதைத் துடைத்து, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டவர் ஓர் அண்ணன். அதைப் பொருத்த வந்த ஜப்பான் எஞ்சினியரிடம் இளவயதில் வேலை பழகியவர்.

போர்டைச் செய்த ஜப்பான் கம்பெனியின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து டெலிபோன் செய்ய ஆரம்பித்தவர்களாம். பூகம்பத்தில் பட்டறை இடிந்து ஆட்கள் செத்தார்கள். திரும்பக் கட்டினார்கள். யுத்தம் வந்து அதுவும் போனது. அதற்குப் பிறகுதான் கம்ப்யூட்டர். டெலிபோனும் கம்ப்யூட்டரும் ஒருநாள் ஒன்றாகிவிடும் என்று மற்றவர்களுக்கு முன்பே நம்பினார்களாம். அது நடந்தபோது வேறு கம்பெனிகள் முந்திக்கொண்டன. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கும்.

அவருடைய மனைவி கீழ் டிவிசன் பிள்ளைமடுவத்தில் ஆயம்மா. பதினொரு குழந்தைகள் அவர் பொறுப்பில் இருந்தன.

அந்த வருஷம் மழை நான்கு நாள் விடவில்லை. ஐந்தாம் நாள் காலை கரண்ட் இல்லை, செல்போன் டவரும் வேலை செய்யவில்லை. கீழ் டிவிசனுக்கு மேலே மண் வெடித்திருப்பதாகக் கங்காணி ஒருவர் நனைந்தபடி ஓடிவந்து சொன்னார். அண்ணன் போர்டில் உட்கார்ந்தார். பேட்டரியில் அது உயிரோடு இருந்தது. மறுமுனையில் மனைவி எடுத்தார்.

"புள்ளைங்கள எல்லாம் கூட்டிக்கிட்டு இப்பவே மேல ஸ்கூலுக்குப் போயிரு. எதையும் எடுக்காத." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அப்பிடியே அம்மாவையும் ஒரு எட்டுப் பாத்துரு," என்றார்.

அண்ணனுடைய அம்மா கீழே லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், படுத்த படுக்கையாக இருந்தார்.

பதினொரு பிள்ளைகளும் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். கைக்குழந்தைகளை டீச்சரிடம் கொடுத்து, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிப் பார்த்தாராம் ஆயம்மா. டீச்சர் தடுத்தும் கேட்காமல், மாமியாரைத் தூக்கி வர லயத்துக்கு இறங்கினார். மலை அப்போதுதான் சரிந்தது. இரண்டு பேரையும் மூன்றாம் நாள் எடுத்தார்கள்.

முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணன் வேலைக்கு வந்தார். ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் நின்று, "அந்த ரெண்டாவது பேச்ச நான் பேசியிருக்கக் கூடாது தங்கச்சி," என்றார். நீங்கள் சொல்லாவிட்டாலும் அண்ணி போயிருப்பார் என்றேன். அது உண்மைதான். ஆனாலும் அவருக்கு அது உதவவில்லை.

கம்பி பதித்த பாதை சரிவோடு போய்விட்டதால் போர்டைக் கழற்ற முடிவானது. அதற்கு முன் நான் அந்தக் கம்பெனிக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். உதவி எதுவும் கேட்கவில்லை. நடந்ததை எழுதினேன், அவ்வளவுதான். ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அந்த போர்டைச் செய்த பிரிவு இப்போது இல்லை, அதில் வேலை செய்து ஓய்வுபெற்ற சிலரைத் தேடிக் கடிதத்தைக் காட்டினோம், இனி அது எங்கள் பழைய ஆவணங்களோடு இருக்கும் என்று எழுதியிருந்தார்கள்.

அண்ணனுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "அவளப் பத்தியும் எழுதுனீங்களா?" என்றார்.

"எழுதினேன் அண்ணே."

"என்னான்னு?"

"பதினொரு புள்ளைங்களக் காப்பாத்துன ஆயம்மான்னு."

அவர் கடிதத்தை வாங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த எழுத்துகளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.