அத்தைக்கு வைத்த பூ

எங்கள் ராயபுரம் வீட்டுக் கூடத்தில் அத்தையின் படம் மாலையோடு தொங்கியது. அப்பாவின் அக்கா. நான் பிறக்குமுன்பே செத்துப்போனவர் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஸ்டூல் போட்டு ஏறி அதற்குப் பூ வைப்பது என் வேலை. அதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை.

ஒரு வெள்ளிக்கிழமை பூ வைத்துவிட்டு இறங்கும்போது வாசலில் இரண்டு பேர். ஒருவர் காப்பகத்து அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டியிருந்தார். இன்னொருவர் முடியை ஒட்ட வெட்டிய ஒல்லியான அம்மாள். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். விருந்தாளிக்கு விவரம் சொல்வது மரியாதை அல்லவா, சொன்னேன்.

"எங்க அத்தை. செத்துட்டாங்க. நாந்தான் பூ வெப்பேன்."

"நல்லாத்தான் வெச்சிகீற கண்ணு. உங்கப்பன் வூட்ல கீறானா?"

குளித்துவிட்டு ஈரத் துண்டோடு வந்த அப்பா "அக்கா" என்றார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, முதல் வேலையாகத் தெருக்கதவைச் சாத்தினாள்.

புத்தி பேதலித்து வீட்டைவிட்டுப் போன அத்தையைத் தேடி அலுத்து, கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி மாளாமல், அப்பா படத்துக்கு மாலை போட்டுவிட்டார் என்பது எனக்குப் பிற்பாடு தெரிந்த கதை. அத்தையோ டோல்கேட் நடைபாதையில் கிடந்திருக்கிறார். அப்பா தினமும் வேலைக்குப் போன பஸ் நிற்கிற இடம். அங்கிருந்துதான் காப்பகத்தார் அழைத்துப்போய், மருந்து கொடுத்துத் தேற்றியிருந்தார்கள். இப்போது அவருக்கும் இன்னும் இரண்டு பெண்களுக்கும் திருவொற்றியூரில் வாடகை வீடு பார்த்திருந்தார்கள்.

"சொந்தம்னு ஒர்த்தர் வந்து நின்னாதான் சாவி தர்றேன்றாரு வூட்டுக்காரரு" என்றார் அத்தை. "ஞாயித்துக்கெழம பால் காய்ச்சணும். வர்றியாடா நைனா?"

அப்பா படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அத்தையை மட்டும் பார்க்கவில்லை. எங்கள் தெருவே அத்தையின் கருமாதிச் சோறு சாப்பிட்ட தெரு. எனக்கோ செத்தவர் என்று அவரிடமே சொல்லிவிட்ட வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த வீட்டில் வெட்கப்பட வேண்டிய ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்திலிருந்த மாலையைக் கழற்றிவிட்டு, படத்தைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு அப்பா கிளம்பினார். "எங்கப்பா காலங்காத்தால?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார். "எங்கக்கா வூட்டுக்கு" என்றார் அப்பா. எதிர்வீட்டுக்காரர் பல்குச்சியை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்றார்.

திருவொற்றியூரில் வீட்டுக்காரரிடம் "நான் தம்பிங்க" என்று அப்பா சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. சாவி கிடைத்தது. பாலும் பொங்கியது.

நான் வழக்கம்போல் பூ கொண்டுபோயிருந்தேன். அத்தை தலையைக் குனிந்து காட்டினார். அந்த முடியில் பூ நிற்கவேயில்லை, வைக்க வைக்க விழுந்தது.

"படத்துக்குன்னா ஆணி கீது, எனக்கு இன்னா கீது?" என்று அத்தை சிரித்தார்.

அப்பா சட்டென்று வாசலுக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுப்புப் புகை பட்டுவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். அது கேஸ் அடுப்பு.