வெள்ளிக்கிழமை மீன்

அந்தக் கல்லூரியில் நான் சேர்ந்ததற்குக் காரணம் சாலைதான். மலாயாவில் கம்யூனிஸ்ட்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் அறிவித்த அவசரகாலம் அது. எங்கள் ரப்பர் எஸ்டேட்டிலிருந்து சிரம்பான் டவுனுக்குப் போகும் வழியில் ஒரு பஸ்ஸை எரித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் போதும், அடுத்த வாரம் பிள்ளைகளை யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள். தினமும் போய் வந்து படிப்பது நடக்காத காரியம். தங்கிப் படிக்க இடம் தந்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரி ஒன்றுதான். வருஷம் தவறாமல் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் குடும்பத்துப் பெண் ஜெபமாலை உருட்டும் இடத்துக்குப் போவதா என்று லயத்து வரிசை வீடுகளெல்லாம் பேசின. எனக்கு டீச்சராக வேண்டும். பேசுகிறவர்கள் பேசட்டும் என்று இருந்தேன்.

அப்பா சரி என்றுவிட்டார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. நேரில் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன் என்று என்னோடு கிளம்பி வந்தாள். கல்லூரித் தலைவியான வெள்ளைக்கார சிஸ்டரிடம் மதத்தைப் பற்றி அம்மா ஒன்றும் கேட்கவில்லை.

"வெள்ளிக்கெழமல கவிச்சி ஆக்குவாங்களான்னு கேளு" என்றாள் என்னிடம்.

நான் ஆங்கிலத்தில் கேட்டேன். வெள்ளிக்கிழமை தங்கள் ஆண்டவர் மரித்த நாள், அன்றைக்கு இங்கே யாரும் இறைச்சியைத் தொடமாட்டோம் என்றார் சிஸ்டர். அதை அப்படியே சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"நம்மள மாதிரியேதான் இருக்காங்க. இங்கயே சேந்துக்க."

முதல் வெள்ளிக்கிழமை மதியம் தட்டில் பொரித்த மீன் வந்தது. அவர்களுக்கு மீன் இறைச்சிக் கணக்கில் சேராதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவாள், படிப்பு அதோடு போச்சு. அதனால் மீனைப் பக்கத்துப் பெண்ணிடம் தள்ளிவிட்டு, வெள்ளிதோறும் வெறும் சோற்றில் உப்பைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டேன். வீட்டிலிருந்து எதையும் வரவழைக்கவும் வழியில்லை. காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட்டுகளுக்குப் போய்விடும் என்று எஸ்டேட் கேட்டில் ஒரு பிடி அரிசியைக்கூட வெளியே விடாத காலம்.

மழையால் ரப்பர் மரத்தில் பால்வெட்டு வேலை இல்லாத ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். சரியான சாப்பாட்டு நேரம். மீன் பொரித்த வாடை கூடம் முழுக்க. அம்மாவின் மூக்கு சும்மா இருக்குமா? மற்றப் பெண்களின் தட்டுகளைப் பார்த்தாள், பிறகு என் தட்டைப் பார்த்தாள்.

"நீ திங்கலயா?"

"இல்லம்மா."

"ஒவ்வொரு வெள்ளியும் இப்புடித்தானா?"

தலையாட்டினேன். பெட்டி எங்கே என்று கேட்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். வளையல் முழங்கைவரை வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வயித்த காயப்போட்டு என்னத்த படிப்ப? குடுக்கறத சாப்புடு. ஒனக்கும் சேத்து நான் வெள்ளி வெரதம் புடிச்சிக்கிறேன்" என்றாள்.

எனக்கு அங்கேயே அவளைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலிருந்தது. ஏதோ பேச்சுக்குச் சொல்கிறாள் என்றும் நினைத்தேன். விடுமுறைக்குப் போனபோது அப்பாதான் விஷயத்தைச் சொன்னார். அதுவரை வெள்ளிக்கிழமைகளில் கவிச்சியை மட்டும் ஒதுக்கிவந்தவள், அந்த வாரத்திலிருந்து வெள்ளிதோறும் பச்சைத் தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுப் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் டீச்சராகும்வரை அதை நிறுத்தவேயில்லை.