எடு என்றால் எடு

என் வீட்டுக்காரரிடம் சாப்பாட்டைப் பற்றி இரண்டே தீர்ப்புகள்தான் உண்டு. பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். பிடிக்காவிட்டால் தட்டை இரண்டு விரலால் தள்ளி, "எடு" என்பார். ஏன், எதனால் என்ற விளக்கமெல்லாம் கிடையாது. குழம்பில் புளி தூக்கலாக இருந்தால் எடு, வறுவல் மொறுமொறுவென்று இல்லாவிட்டால் எடு. நானும் எடுத்துக்கொண்டு போவேன். நிலம் அவருடையது, வீடு அவருடையது, தட்டும் அவருடையது. சமைத்த கை மட்டும்தான் என்னுடையது.

கல்யாணமாகி இரண்டாவது வருடம் என் அப்பா பாகூருக்கு என்னைப் பார்க்க வந்திருந்தார். இருவருக்கும் சேர்த்தே பரிமாறினேன். வாழைக்காய் வறுவல் கொஞ்சம் நமுத்திருந்தது, உண்மைதான். இவர் ஒரு துண்டை வாயில் போட்டார், மெல்லக்கூட இல்லை, அப்பாவின் எதிரிலேயே தட்டைத் தள்ளினார். "எடு." என் அப்பா தலையைத் தூக்கவில்லை. தன் தட்டில் இருந்த வாழைக்காய் முழுவதையும் சாப்பிட்டார், இன்னும் கொஞ்சம் போடச் சொல்லி அதையும் சாப்பிட்டார். சாயந்திரம் பஸ் ஏறும்போது, "உடம்பப் பாத்துக்கம்மா" என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டில் சாப்பிடவே இல்லை, வந்தால் காப்பியோடு சரி.

எனக்கு நகை, புடவை என்று பெரிய ஆசைகள் இருந்ததில்லை. "நல்லா இருக்கு" என்று அவர் வாயால் ஒரு தடவை சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்த இரண்டு சொல்லுக்காக இருபத்தாறு வருடம் சமையலறைக் கதவோரம் நின்றிருக்கிறேன்.

அவருக்கு நெஞ்சில் அடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தபோது, டாக்டர் எண்ணெய் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வறுவல் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். மூன்று நாள் ரசம் சாதத்தைப் பார்த்து எடு, எடு, எடு. சேதராப்பட்டில் கம்பெனி வேலைக்குப் போகிற என் மகள் அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு வந்தாள். உள்ளே கறுப்பாக, குடம் அளவுக்கு ஒரு மெஷின். ஏர் ஃபிரையர். எண்ணெய்ச் சட்டியே வேண்டாம், சூட்டுக் காற்றிலேயே காய் மொறுமொறுவென்று வந்துவிடும் என்றாள்.

அவர் அதைச் சுற்றி வந்து பார்த்தார். முன்னால் இருந்த கூடையை இழுத்தார், மூடினார், மறுபடி இழுத்தார்.

"இன்னாது இது, கரன்ட்டு சுடுகாடு மாதிரி கீது. உள்ள தள்ளி மூடிட்டா சாம்பலா வருமா?"

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அதில் சமைக்கப் போகிறவள் நான்தானே.

முதல் நாள் உருளைக்கிழங்கை நறுக்கி, கழுவி, ஈரத்தோடு கூடை நிறையக் கொட்டி மூடினேன். வழக்கமாக அடுப்பில் செய்வது போலத்தான் செய்தேன். இருபது நிமிடம் கழித்து டிங் என்றது. திறந்தால் அவித்த கிழங்கு, வெளுத்துப்போய், ஆஸ்பத்திரிச் சாப்பாடு போல. அவர் தட்டைத் தொடவே இல்லை, என்னைப் பார்த்தே சொன்னார். எடு.

விடுவேனா? அந்த மெஷினோடு ஒரு மாதம் மல்லுக்கட்டினேன். அதற்குப் பிடிக்காதது ஈரமும் கூட்டமும் என்று கண்டுபிடிக்கவே பத்து நாள் ஆனது. காயைக் கழுவி, அவருடைய பழைய வேட்டியில் பரப்பி, ஃபேன் காற்றில் ஈரம் போகக் காய வைப்பேன். பிறகு அரை ஸ்பூன் கடலை எண்ணெய் விட்டுக் கையால் பிசறி, மேலே அரிசி மாவை லேசாகத் தூவுவேன். ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் ஒற்றை அடுக்காகக் கூடையில் வைக்க வேண்டும், பேராசைப்பட்டால் வேகுமே தவிர முறுகாது. பாதியில் ஒரு தடவை இழுத்துக் குலுக்க வேண்டும். மிளகாய்த்தூளை முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும், அதனால் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போதுதான். காலிஃபிளவர், கருணைக்கிழங்கு, வாழைக்காய் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு. கடைசியில் பாகற்காய். வட்டமாக, காகிதம் போல மெல்லியதாக நறுக்கிச் செய்தேன். சட்டி எண்ணெயில் பொரித்தால்கூட அப்படி வராது.

அன்று மதியம் அதைத் தட்டில் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். முதல் கடியின் சத்தம் எனக்குக் கேட்டது. பிறகு வரிசையாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. சோறு முடிந்த பிறகும் பாகற்காயை மட்டும் எடுத்து எடுத்துத் தின்றார். இதோ சொல்லப் போகிறார் என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தேன்.

"வில்லியனூர் கடையிலயா வாங்கன?" என்றார்.

"நான்தான் செஞ்சேன்."

நம்பாமல் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார். சாயந்திரம், இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் தன் அக்காவிடம் ஃபோனில் சொல்லிக்கொண்டிருந்தார். "கடையில நல்லாப் போடறான்க்கா பாவக்கா. சும்மா மொறுமொறுன்னு கீது." கடைக்காரனுக்குக் கிடைத்தது அந்தச் சொல். அன்று என் வயிற்றெரிச்சல் இந்த மனிதரைச் சும்மா விடாது என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததற்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

அடுத்த தை மாதத்தில் ஒரு காலை, கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து குழாயடியில் கால் கழுவியவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் எட்டு நாள் வாயே திறக்கவில்லை. ஒன்பதாம் நாள் கரைத்த இட்லியை ஸ்பூனில் எடுத்து வாயருகே கொண்டுபோனேன். உதடு கோணியது, தொண்டையில் ஏதோ உருண்டது, பிறகு தெளிவாக வந்தது.

"எடு."

நான் சிரித்துவிட்டேன். வார்டே கேட்கும்படி சிரித்தேன். மகள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள், அப்பாவுக்குப் பேச்சு வந்த சந்தோஷத்தில் அம்மா சிரிக்கிறாள் என்று.

அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் ஒருத்தி இருந்தாள், என் மகள் வயதுதான் இருக்கும். அவள் என்னைத் தனியாக உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னாள். "சில பேருக்கு இப்டி ஒரே வார்த்த மட்டும் தங்கிடும்மா. எது அதிகமா பழகினதோ அது. அத வெச்சிதான் இனிமே எல்லாத்தையும் சொல்லுவாரு. தண்ணி வேணும்னாலும் எடு, வலிக்குதுனாலும் எடு. வார்த்தைய நம்பாதீங்க. கண்ணப் பாருங்க, கையப் பாருங்க."

நன்றாகக் கேட்டுக்கொண்டேன், தெரியாமல் செய்தேன் என்று நான் சொல்லவே முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் சொன்ன எல்லா எடுவும் எனக்குப் புரிந்தது. ஃபேனைப் போடச் சொல்லும் எடு, பாத்ரூமுக்குப் போகவேண்டிய எடு, முதுகைச் சொறிய எடு. குரலை வைத்தே சொல்லிவிடுவேன், தூரத்தில் இருந்தாலும் ஓடி வருவேன். குளிப்பாட்டி, துடைத்து, பவுடர் போட்டு வைத்திருந்தேன். ஊரில் என்னைப் பற்றி நல்ல பேச்சுத்தான்.

தட்டு முன்னால் இருக்கும்போது மட்டும் எடு என்றால் எடு.

சோற்றைக் குழைத்து எதிரில் வைப்பேன். பசியில் அவர் கண் அதன் மேலேயே இருக்கும். "எடு" என்பார், ஊட்டு என்று அர்த்தம், குழந்தைக்குக்கூட விளங்கும். "வேணாமா? சரி" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவேன். பின்னாலிருந்து எடு, எடு என்று குரல் வரும். அரை மணி நேரம் கழித்து மறுபடி கொண்டுவந்து, அதே சோற்றை, ஆறிப்போனதை ஊட்டுவேன். பட்டினி போட்டேன் என்று யாரும் சொல்ல முடியாது. அவர் எனக்குச் செய்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை என்று அப்போது என்னிடம் நானே சொல்லிக்கொள்வேன். யானைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கு ஒரு காலம் வரத்தானே செய்யும்.

அதோடு நிற்கவில்லை. அவருக்குக் குழைந்த சோறு, எனக்கு ஏர் ஃபிரையர். காலிஃபிளவரையோ பாகற்காயையோ முறுக முறுகச் செய்து, அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, கடவாய்ப் பல்லில் வைத்து நொறுக்குவேன். சத்தம் கேட்க வேண்டும், அதற்காகவே வாயைக் கொஞ்சம் திறந்து மெல்லுவேன். "கடையில வாங்கல. நான் செஞ்சது" என்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். அதுவரை எந்தச் சாப்பாடும் எனக்கு அவ்வளவு ருசித்ததில்லை.

ஒரு நாள் அவருடைய அக்கா அந்த நேரத்துக்கு வந்து நின்றுவிட்டார். நான் தட்டோடு திரும்புவதைப் பார்த்தார்.

"இன்னாம்மா, ஒரு வா கூட சாப்புடல, அதுக்குள்ள தூக்கிம்போற?"

"அவுருதான் அண்ணி எடுன்னாரு."

அண்ணி தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபத்தாறு வருடமாக அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டுவிட்டுப் போனவர்தான். தட்டை என் கையிலிருந்து வாங்கி, தானே ஊட்டினார். மறுநாளிலிருந்து அந்த நேரத்துக்கு வர அவருடைய முழங்கால் வலி இடம் கொடுக்கவில்லை.

ஐந்தாறு மாதத்தில் இடது கைக்குப் பழக்கம் வந்துவிட்டது. ஸ்பூனைப் பிடித்துத் தானே சாப்பிட ஆரம்பித்தார். இனி அந்த விளையாட்டு முடிந்தது என்று நினைத்தேன், ஆனால் எடு நிற்கவில்லை. கையில் ஸ்பூன் இருக்கிறது, தட்டில் சோறு இருக்கிறது, அப்போதும் தட்டைத் தள்ளி, என்னைப் பார்த்து எடு. திமிர் இன்னும் அடங்கவில்லை என்று நினைத்துப் பாதித் தட்டோடு பிடுங்கிக்கொண்டு போனேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒரு மாதம் இருக்கும்.

புரட்டாசியில் ஒரு மதியம் கருணைக்கிழங்கைக் குச்சி குச்சியாக நறுக்கிச் செய்திருந்தேன். நன்றாக முறுகி வந்திருந்தது. என்ன தோன்றியதோ, அவர் தட்டிலும் நான்கு குச்சி வைத்தேன். இரக்கம் என்று நினைக்க வேண்டாம். மெல்ல முடியாமல் திணறட்டும் என்றுதான் வைத்தேன். அவர் ஒன்றை எடுத்து இடது கடவாயில் வைத்தார். வெகுநேரம் கழித்து மெலிதாக ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அவரே திடுக்கிட்டது போல இருந்தது. பிறகு தட்டை இரண்டு விரலால் என் பக்கம் தள்ளினார்.

"எடு."

அதே இரண்டு விரல், அதே தள்ளல், கை மட்டும் இடது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. முதல் தரமான கிழங்கு, அதையுமா? தட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கொல்லையில் மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தபோது அவர் கை மேசைமேல் நீண்டிருந்தது. விரல்களுக்கு நடுவில் ஒரு கருணைக்குச்சி. நான் தட்டைப் பிடுங்குவதற்கு முன்னால் எடுத்து வைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதை நான் உட்காரும் நாற்காலியின் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"எடு" என்றார். மெதுவாக, விருந்தாளியிடம் சொல்வது போல. எடுத்துக்கொள். நீயும் சாப்பிடு.

அந்தப் பெண் சொன்னபடி அன்றுதான் கண்ணைப் பார்த்தேன், கையைப் பார்த்தேன். ஒரு மாதமாக அவர் தள்ளிய ஒவ்வொரு தட்டும் என் பக்கமாகத்தான் வந்தது என்று அப்போது உறைத்தது. பாதி சாப்பிட்டு, பாதியை எனக்குத் தள்ளியிருக்கிறார். இருபத்தாறு வருடம் நான் கேட்கக் காத்திருந்த இரண்டு சொல்லுக்குப் பதிலாக அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒரு சொல்தான்.

குச்சியை வாங்கினேன். வாயில் போட்டு மென்றேன். அவருடைய விரல் ஈரத்தில் அது நமுத்துப் போயிருந்தது. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் கதவோரம் நின்று எத்தனையோ மதியங்கள் அவரைப் பார்த்தது போலவே. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நல்லா இருக்கு என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"நமுத்துப் போச்சி" என்றேன்.

அவர் கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் அந்தச் சொல்லையும் சொல்வதில்லை. மகள் ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, "அப்பா, எடு சொல்லுப்பா" என்று கெஞ்சிப் பார்க்கிறாள். டாக்டரிடம் காட்டினோம், புதிதாக அடைப்பு ஒன்றும் இல்லை என்றார். எனக்குக் காரணம் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. தினமும் இரண்டு தட்டிலும் ஒரே வறுவல்தான் வைக்கிறேன், அவருக்கு மட்டும் கொஞ்சம் மெல்லியதாக நறுக்கி. "நல்லா இருக்கா?" என்று நானே வாய்விட்டுக் கேட்கிறேன், ஒரு தடவை இல்லை, இரண்டு மூன்று தடவை. என்ன வைத்தாலும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிடுகிறார்.