ஏரிக்குள் ஒரு நேர்கோடு

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். சாப்பிடும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, நாள் முழுக்க ஒரு மேசைமுன் குனிந்திருப்பது. தொண்ணூறுகளின் நடுவில், மைசூரில் ஓர் ஆராய்ச்சித் துறையின் பின்பக்க அறை. கண்ணாடி போட்ட மேசை, அதற்கு அடியில் டியூப் லைட். கண்ணாடிமேல் செயற்கைக்கோள் எடுத்த படத்தை விரித்து, அதன்மேல் டிரேசிங் தாளை ஒட்டி, மெல்லிய மைப்பேனாவால் ஏரிகளின் ஓரத்தை வரைய வேண்டும். வறட்சி வந்தால் ஏரியிலுள்ள தாமரையும் சம்பங்கோரையும் ஆகாயத்தாமரையும் என்ன ஆகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. அந்த வருடம் வறட்சிக்குக் குறைவில்லை.

அந்தப் படங்களில் உள்ளது உள்ளபடி எந்த நிறமும் வராது. செடிகொடி பச்சையாக இல்லாமல் சிவப்பாக விழும். தெளிந்த தண்ணீர் கறுப்பு, கலங்கல் வெளிர்நீலம், காய்ந்த மண் வெள்ளை. நான் பார்த்த ஏரிகளில் எல்லாம் கதை ஒன்றுதான்: தண்ணீர் வற்ற வற்றச் சிவப்பும் சுருங்கியது. சேற்றில் தரைதட்டிய ஆகாயத்தாமரை காய்ந்து சருகாகிப்போகும். தாமரைக் கிழங்கு மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். கொள்ளேகாலுக்கும் ஹனூருக்கும் நடுவிலிருந்த ஓர் ஏரி மட்டும் அடங்கவில்லை. தண்ணீர் கால்வாசிகூட இல்லை. சிவப்போ போன வருடத்தைவிட அதிகம்.

என் வழிகாட்டிப் பேராசிரியருக்கு ஒரே சந்தோஷம். வறட்சியிலும் பெருகும் நீர்க்களை! அதற்கென்று தனி அத்தியாயமே எழுதச் சொல்லிவிட்டார். தினமும் காலையில் வாசலில் தலையை நீட்டி, "ஆயித்தா?" என்று கேட்பார். முடிந்ததா என்று அர்த்தம். அந்த அறிக்கை ஏரிகளைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் போகும். களை என்று நாங்கள் குறித்துக் கொடுக்கும் இடத்தில் கோடை முடிவதற்குள் புல்டோசர் விட்டு வழித்துவிடுவார்கள். நல்ல காரியம்தானே என்று நினைத்தேன்.

இங்கே என் யோக்கியதையையும் சொல்லிவிடுகிறேன். படத்தில் பார்த்ததை நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. அதற்கு ஒரு படிவம் உண்டு. 'நேரில் கண்டது' என்று அதில் ஒரு கட்டம். எங்கள் பக்கத்தில் ஏரிக்கரைமேல்தான் ரோடு போகும். பஸ்ஸும் அதன்மேல்தான் போகும். இறங்கினால் அடுத்த பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும். காத்திருப்பதா, நானா? ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டிப் பார்த்து, மடியில் வைத்தே படிவத்தை நிரப்பிவிடுவேன். கரையோரம்தான் ஏரியின் ஆழம். கடைசிச் சொட்டுத் தண்ணீர் அங்கேதான் நிற்கும், ஆகாயத்தாமரையும் அதோடு நிற்கும். ஏரியின் வால்பக்கம், ஓடை வந்து சேரும் ஆழமில்லாத மறுமுனை, பஸ்ஸிலிருந்து தெரியாது. கரையோரம் கண்டதை வைத்து மொத்த ஏரிக்கும் 'ஆகாயத்தாமரை' என்று எழுதினேன்.

அறிக்கையைத் தட்டச்சுக்குக் கொடுக்கிற வாரத்தில், பழைய டிரேசிங் தாளை மறுபடி படத்தின்மேல் வைத்தேன். வால்பக்கத்துச் சிவப்பின் ஓரம் என் தாளில் வளைந்து வளைந்து, ஏரி ஓரம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி அழகாக இருந்தது. கீழே படத்தில் அது வளையவில்லை. நேராகப் போய் ஒரு முக்கில் திரும்பி, மறுபடி நேராகப் போயிற்று. அதை முதல்முறை வரைந்தபோதும் நான் பார்த்திருக்கிறேன். அசிங்கமாக இருக்கிறதே என்று என் கைதான் அந்த முக்கை மழித்துவிட்டது. தண்ணீரில் தானாக வளரும் செடி நேர்கோடு போடாது. நேர்கோடு என்றால் மனுஷக் கை. மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றேன்.

கொள்ளேகாலில் பஸ் மாறி, ஏரிக்கரையில் முதல்தடவையாக இறங்கினேன். வெடித்த மண்ணில் வால்பக்கம் நோக்கி நடக்க அரை மணிக்கு மேல் ஆனது. அங்கே ராகி நின்றது. ஏரிக்குள், இன்னும் ஈரம் விடாத வண்டலில், வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, இடுப்பளவு ராகி. அப்போதுதான் கதிர் தள்ளியிருந்தது.

என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தவள் என் தோள்பையையும் கையில் மடித்த படத்தையும் பார்த்ததும் நிமிர்ந்தாள். முகம் மாறிவிட்டது.

"ஏனுங்க, தாலூகா ஆபீசுங்களா?"

"இல்ல, மைசூரு. படிக்கிறவ. ஏரியில செடி பாக்க பந்தே... வந்தேன்."

அந்தப் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம். என் தமிழைக் கேட்டு அந்தப் பயத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வீட்டில் தமிழ், மற்ற எல்லாம் கன்னடம் என்று வளர்ந்தவள் நான். அவசரத்தில் இரண்டும் கலந்துதான் வரும். படத்தை விரித்து வால்பக்கத்துச் சிவப்பைக் காட்டினேன். அந்தச் சிவப்பில் விரலை வைத்தாள்.

"இதாங்களா நாங்க? இத்தனூண்டா?"

அவள் வீட்டோடு சேர்த்து ஆறேழு குடும்பம். யாருக்கும் சொந்தமாக நிலமில்லை. மழை பெய்யாததால் எங்கும் கூலி வேலையும் இல்லை. ஏரி வற்றியதும் வால்பக்கத்தைப் பங்கு போட்டுக்கொண்டு விதைத்திருக்கிறார்கள். தண்ணீர் திரும்பினால் விட்டுவிடுவார்கள். சட்டப்படி ஏரிக்குள் உழக்கூடாது என்பது அவளுக்கும் தெரியும். நான் என்ன எழுதியிருக்கிறேன், அதனால் என்ன வரும் என்பதை மறைக்காமல் சொன்னேன். சொல்லும்போது என் காது சுட்டது. அவள் பதறவில்லை, கணக்காக யோசித்தாள்.

"களைன்னு எழுதுனா வண்டி வந்து வழிச்சுரும். பயிருன்னு எழுதுனா தாசில்தார் வந்துருவாருங்க. ரெண்டும் வேண்டாமுங்க. இன்னும் ஒரு மாசம் போச்சுன்னா அறுத்துப் போடுவோம். அதுவரைக்கும் எங்கள எழுதாம உட்ருங்க."

திரும்பும் பஸ்ஸில் என்னால் உட்காரவே முடியவில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தேன். யார்மேல் கோபம் என்று தெரியாமல் எல்லார்மேலும் கோபமாக இருந்தது.

பேராசிரியர் கெட்டவர் இல்லை. நடந்ததைச் சொன்னதும், "அப்படியா? அப்படியென்றால் பயிர் என்று திருத்து, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம்" என்றார் கன்னடத்தில். உண்மை எதுவோ அதை எழுதுவதுதான் நம் வேலை, அதற்குப் பிறகு நடப்பது நம் கையில் இல்லை என்றும் சொன்னார். தவறென்று சொல்ல எனக்கு வாயில்லை. பொய் எழுதவும் மனமில்லை, அந்த உண்மையை அப்போது எழுதவும் மனமில்லை. இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டு நின்றேன். பிறகு, எனக்குத் தெரிந்த இன்னொரு உண்மையைப் போட்டு உடைத்தேன்.

"சார், இந்த ஒரு ஏரி மட்டுமில்லை. எந்த ஏரியிலும் நான் இறங்கவில்லை. எல்லாப் படிவமும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதியது."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. படிவக் கட்டை என் பக்கம் தள்ளி, எல்லா ஏரிக்கும் மறுபடி போ, அதுவரை அறிக்கை போகாது என்றார். எனக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு மாதம், கிடைத்துவிட்டது. ஆனால் அன்றிலிருந்து "ஆயித்தா?" என்று அவர் கேட்பதில்லை. நான் எதைச் சொன்னாலும் வேறொருவரை விட்டுச் சரிபார்த்தார். அடுத்த வருடத்துக்கு என் வேலை நீட்டிப்புக்கும் அவர் எழுதித் தரவில்லை. இவ்வளவும் அந்தப் பெண்ணுக்காகச் செய்த தியாகம் என்று நினைத்து உள்ளூரக் கொஞ்சம் பெருமைப்பட்டும் கொண்டேன்.

அந்த மாதம் வெயிலில் ஏரி ஏரியாக இறங்கி நடந்தேன். குண்டலுபேட்டைப் பக்கம் ஓர் ஏரி, அடுத்த நாள் இன்னொன்று. மனசு மட்டும் ராகிக்கதிரிலேயே கிடந்தது. அறுவடைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கும்போது மழை பிடித்தது. மைசூரே குளிர்ந்துபோயிற்று. அக்ரஹாரத்துக் கடைக்காரர்கள் வாசலில் வந்து கையை நீட்டி நனைந்தார்கள். ஸ்கூட்டர்க்காரர்கள் சிரித்துக்கொண்டே ஓட்டினார்கள். ஊரே வேண்டிக்கொண்ட மழை, மூன்று நாள் விடாமல் பெய்தது. நான் மட்டும் அறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்து அந்த மழையை வாய்விட்டுத் திட்டினேன்.

நான்காம் நாள் போனேன். ஏரிக்குள் வரும் ஓடை அவர்கள் வயல் வழியாகத்தான் வந்தாக வேண்டும். முழங்கால் தண்ணீர். பாதி ராகி சாய்ந்து அழுகத் தொடங்கியிருந்தது. அவளும் மற்றவர்களும் தண்ணீரில் நின்று கதிரை மட்டும் கிள்ளி அறுத்து, தலையிலிருந்து முதுகில் தொங்கவிட்ட துணி மூட்டையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். கரையில் நின்ற என்னைப் பார்த்தாள்.

"நின்னு பாக்கறதுக்கு வந்தீங்களா? அருவா கெடக்குது பாருங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். எனக்கு அறுக்கத் தெரியாது. இரண்டு விரலில் வெட்டு விழுந்தது. அவளுக்குப் பக்கத்திலேயே நகர்ந்து நகர்ந்து அறுத்தேன். பிறகு அவள்தான் கேட்டாள்.

"இப்ப வந்து பாத்துட்டீங்க. இனி இத என்னன்னு எழுதுவீங்க?"

அவளுக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறோம் என்ற நினைப்பில், "தண்ணின்னு எழுதிடுவேன். வேற ஒண்ணும் எழுத மாட்டேன்" என்றேன்.

அவள் கை நிற்கவில்லை. "அப்ப நாங்க இங்க இருக்கவே இல்லன்னு ஆயிருமுங்க" என்றாள்.

எழுத வேண்டாம் என்று கேட்டவளும் அவள்தான். ஆனாலும் வெறும் தண்ணீர் என்று எழுதுவதும் படத்தில் அந்த முக்கை மழித்த மாதிரிதான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவள் இரண்டு முறை சொன்னாள். போகவில்லை. அவர்கள் கரையேறும்வரை நானும் அறுத்தேன். ராகியில் பாதி தேறியது.