மைதானம் எங்களுடையது

போன வாரம் இதே மெயில் குழுவில் கணித்து எழுதியிருந்தேன்: கல்லூரிகளுக்கு இடையிலான வாலிபால் போட்டி எங்கள் கல்லூரி மைதானத்தில்தான் நடக்கும், ஆடப்போகும் எட்டு அணிகளில் நாங்களும் உண்டு.

லீக் சுற்றில் தோற்றாலும் நடத்துகிற கல்லூரிக்கு எப்போதும் ஓர் இடம் கிடைக்கும். அந்தத் தைரியத்தில்தான் லீவு முழுக்க எங்கள் அணியே செம்மண் கொட்டி மைதானத்தைச் சமப்படுத்தியது.

இன்று சத்தியமங்கலம் பஸ்ஸில், போட்டியின் தேர்வுக் குழுவில் இருக்கும் வேறு கல்லூரி பி.டி. மாஸ்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏனுங்க சார், கிரவுண்டு முடிவாயிருச்சுங்களா?"

"உங்க காலேஜுதான் கண்ணு. மண்ணு போட்டு அருமையா வெச்சிருக்கீங்க."

"அப்ப எங்க டீமுங்க?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "இந்த வருசத்துல இருந்து நடத்துற காலேஜுக்குன்னு தனி எடமில்லைன்னு முடிவு பண்ணிப்போட்டாங்க. நீங்க லீக்ல தோத்துட்டீங்களே."

"செரிங்க" என்றேன். கோபம்கூட வரவில்லை. டிக்கெட்டைச் சுருட்டிக்கொண்டே வந்தேன்.

இறங்கும்போது அவரே சொன்னார்: "நெட்டு கட்ட உசரமான பசங்க கொஞ்சம் பேரு வேணும். பாத்து வெய்யி கண்ணு."

நேராக பிரவுசிங் சென்டருக்கு வந்து இதை அடிக்கிறேன். உயரமான பசங்க ஒரு டீமே சும்மா இருக்கிறோம், கேப்டன் நான் உட்பட.

யார் ஜெயிப்பார்கள் என்று இனி நீங்களே கணித்து எழுதுங்கள். நான் சுண்ணாம்புக் கோடு போட்டு வைக்கிறேன்.