வாஷிக்கு வழி கேட்டவர்

என் புத்தியைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வாரம் மும்பை செம்பூரில் ஒரு கார்க்காரன், விளக்கும் போடாமல் கையும் காட்டாமல் குறுக்கே புகுந்தான். அடுத்த சிக்னல் வரை அவனை எனக்குத் தெரிந்த எல்லா மொழிகளிலும் திட்டித் தீர்த்தேன். அவன் கண்ணாடி மூடியிருந்தது. என் கண்ணாடியும் மூடியிருந்தது. அத்தனையையும் கேட்டது பக்கத்தில் இருந்த என் மனைவி ஒருத்திதான்.

"யாரைத் திட்டறீங்க? நான்தானே இங்க உக்காந்திருக்கேன்" என்றாள், மடியில் இருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்தபடி.

எள்ளும் எண்ணெயும் கலந்த வாசனை காரை நிறைத்தது. திட்டிக்கொண்டிருந்தது மறந்துபோயிற்று. அது இசக்கிமுத்து அண்ணாச்சியின் டெம்போ வாசனை.

படித்துவிட்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கிய எனக்குக் கடைசியில் கிடைத்தது தாராவி முறுக்குப் பட்டறையில் பில் போடும் வேலை. சரக்கோடு டெம்போவில் போய்க் கடைகளில் இறக்க வேண்டும். வண்டி ஓட்டுபவர் அண்ணாச்சி. திருநெல்வேலிக்காரர். தரையில் நிற்கும்போது பூ மாதிரி மனுஷன். ஸ்டியரிங்கைப் பிடித்தால்தான் சிக்கல். ஒருமுறை சயானில் இறங்கிப்போய் ஒரு டாக்ஸிக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். முதலாளி போலீஸ் ஸ்டேஷன் வரை வந்து மீட்டார்.

"இன்னொரு தடவ சண்டைக்குக் கீழ இறங்குனன்னா சாவிய வச்சிட்டுப் போயிருல" என்று அங்கேயே சொல்லியும்விட்டார். மூட்டை சுமந்து இடுப்பைக் கெடுத்துக்கொண்ட பிறகு அண்ணாச்சி கற்ற தொழில் இது. சாவி போனால் அவருக்கு வேறு பிழைப்பில்லை.

ஆகவே ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். எவனாவது குறுக்கே வெட்டினால் சிக்னலில் அவன் பக்கத்தில் போய் நிறுத்துவார். தலையை வெளியே நீட்டி, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிற பணிவோடு, "பாய்சாப், செம்பூர் நாகா கிதர்?" என்று வழி கேட்பார். வசவுக்காகத் திறந்த வாய் அப்படியே நிற்கும். பிறகு கை தானாக எழுந்து திசை காட்டும். எனக்கு அந்த முகங்களைப் பார்க்கத் தீராத ஆசை. கோபம் எந்த இடத்தில் காணாமல் போகிறது என்று கண்டுபிடிக்கப் பார்ப்பேன். புருவத்தில் என்று ஒருநாள் தோன்றும், மோவாயில் என்று மறுநாள் தோன்றும். மும்பைக்காரன் கொலை செய்யப் போகிற அவசரத்திலும் வழி கேட்டால் நின்று சொல்லிவிட்டுத்தான் போவான். தெரியாத இடமானால் இன்னும் விரிவாகச் சொல்வான்.

"வழி கேக்கவன எவனாவது அடிப்பானாவே?" என்பார் அண்ணாச்சி. மாட்டுங்காவில் நின்றுகொண்டு மாட்டுங்காவுக்கு வழி கேட்ட நாளும் உண்டு.

ஒருநாள் செம்பூரில் ஒரு கல்யாணத்துக்குச் சீர் முறுக்கு கொண்டுபோனோம். ஒவ்வொன்றும் தாம்பாளம் அகலம். மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் மண்டபத்தில் இருக்க வேண்டும், உடையவும் கூடாது. அடுக்கை மடியில் வைத்து, கைக்குழந்தையைப் போல அணைத்திருந்தேன். செம்பூரை நெருங்கும்போது ஒரு வெள்ளைக் கார் குறுக்கே பாய்ந்தது. அண்ணாச்சி அடித்த பிரேக்கில் என் மூக்கு முறுக்கில் இடித்தது. அவர் கை கதவுப் பிடிக்குப் போய்விட்டது.

"அண்ணாச்சி, சாவி" என்றேன்.

கை திரும்பி வந்தது. சிக்னலில் காரை ஒட்டி நிறுத்தினார். இருந்த கோபத்தில் வழக்கமான ஊர் வாயில் வரவில்லை. "பாய்சாப், வாஷி கிதர்?" என்று கேட்டுவிட்டார்.

காரில் இருந்த தொப்பைக்காரரின் முகம் மலர்ந்தது. "மேம் பி வஹீம் ஜா ரஹா ஹூம். பீச்சே ஆவோ" என்றார். தானும் அங்கேதான் போகிறாராம், பின்னாலேயே வரச் சொல்கிறார்.

"திரும்பிருவோம் அண்ணாச்சி, மண்டபம் அந்தப் பக்கம்" என்றேன்.

"கேட்டுட்டுப் போவலன்னா கேலி பண்ணுதோம்னு நெனப்பாம்வே. எறங்கி வருவான். அவன் எறங்குனா நானும் எறங்கணும்."

பின்னாலேயே போனோம். அவரைப் போல மோசமாக ஓட்டியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் எங்களுக்காக நின்றார். கையை வெளியே நீட்டி, வா வா என்றார். தேவ்நார் போயிற்று. மான்குர்த் போயிற்று. பாலத்தில் ஏறி, கடல் கழியைத் தாண்டி, சீர் முறுக்கு வாஷி போய்ச் சேர்ந்தது. அங்கே அவர் இறங்கி வந்து வாஷியில் எந்த இடம் என்று விசாரித்தபோது, அண்ணாச்சி உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டு வண்டியைத் திருப்பினார்.

மண்டபத்துக்குத் திரும்பியபோது மேளம் தொடங்கியிருந்தது. முதலாளி வாசலில் நின்றார்.

"எங்கல போன?"

"வாஷிக்கு."

"எதுக்கு?"

"வழி கேட்டேன் மொதலாளி."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் முறுக்குத் தூள் ஒட்டியிருந்த மூக்கைத் துடைத்துக்கொண்டேன். அண்ணாச்சி சாவியை எடுத்து நீட்டினார். முதலாளி அதை வாங்கவில்லை.

"கீழ இறங்குனியா?"

"இல்ல."

"அப்ப முறுக்க இறக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இப்போது யாரும் யாரிடமும் வழி கேட்பதில்லை. நேற்று மாட்டுங்காவில் ஒரு இளைஞன் காரில் குறுக்கே வர, நான் ஆசையாகக் கண்ணாடியை இறக்கி வழி கேட்டேன். அவன் தன் கண்ணாடியை இறக்கவில்லை. வழி காட்ட என் காரில் மாட்டியிருந்த செல்போனை விரலால் சுட்டிவிட்டுப் போய்விட்டான்.

அண்ணாச்சிக்கு போன் செய்து குறைப்பட்டேன். "இந்தக் காலத்து ஆளுகள எப்படி அண்ணாச்சி சமாளிக்கிறீங்க?"

"நான் டிரெயின்லதாம்வே போறேன்" என்றார்.